மண்ணில் புதைந்த பதிவேடு

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி காலை, பிள்ளைகள் பாடசாலைக்குப் போய்விட்டிருந்த நேரம். பெரியவர்களில் ஒரு பகுதியினர் மலையில் வேலைக்கு ஏறியிருந்தனர். பதுளை மாவட்டத்தில், கொஸ்லந்தைக்கும் பூனாகலைக்கும் இடைப்பட்ட மலைச்சரிவில் இருந்த மீரியபெத்த தோட்டத்தின் லயன்கள் சில நிமிடங்களில் மண்ணுக்குள் போயின. அன்று மாலைக்குள் நாடு முழுவதும் ஒரே கேள்வியைக் கேட்டது: எத்தனை பேர்? ஒருவர் நூறு என்றார்; இன்னொருவர் இருநூறுக்கும் மேல் என்றார். நாட்கள் செல்ல அந்த எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. இந்தத் தடுமாற்றத்துக்கு அதிகாரிகள் சொன்ன காரணங்களுள் ஒன்று இன்றும் நம் நெஞ்சைக் குடைவது. அங்கு வாழ்ந்தவர்களின் விபரங்களைக் கொண்டிருந்த பதிவேடுகளும் அதே மண்ணுக்குள் போய்விட்டன என்பதே அது.

ஆளும் போய், ஆள் இருந்ததற்கான ஏடும் போன ஊருக்கு நாடெங்குமிருந்து லொறிகள் வந்தன. அரிசி, பருப்பு, பாய், போர்வை, பால்மா, உடுப்பு. கொஸ்லந்தையிலும் பூனாகலையிலும் தமிழ்ப் பாடசாலைகள் முகாம்களாயின. கொடுத்தவர்களிடத்தில் சாதி மத பேதம் இருக்கவில்லை. பள்ளிவாசல் ஜமாஅத்துக்களும் கொடுத்தன, கோயில்களும் விகாரைகளும் தேவாலயங்களும் கொடுத்தன. ஆனால் கொடுத்தது யாருக்குப் போய்ச் சேர்ந்தது, யாருக்குச் சேரவில்லை என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு பொது ஏடு இருக்கவில்லை.

இப்பொழுது உலகில் ஒரு பேச்சு நடக்கிறது. பிளாக்செயின் என்றொரு கணினித் தொழில்நுட்பம் வந்திருக்கிறது, அதில் எழுதியதை எவராலும் அழிக்க முடியாது, தருமப்பணத்தை அதன்வழி அனுப்பினால் ஒரு சதமும் வழிதவறாது என்கிறார்கள். ஸகாத்தும் வக்பும் உடைய சமூகமாகிய நமக்கு இது அலட்சியப்படுத்தக்கூடிய பேச்சல்ல. அதேவேளை வந்த சரக்கையெல்லாம் வாங்கிக் கட்டும் அவசரமும் நமக்கு வேண்டியதில்லை. அழியாத ஏடு என்ற ஆசை மனிதனுக்குப் புதியதல்ல. ஊவாவின் மண்ணிலேயே அதற்கு ஆயிரம் ஆண்டு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றைக் கேட்டுவிட்டுப் பதில் சொல்வதே முறை.

*

முதலில் இந்தத் தொழில்நுட்பம் என்னவென்று எளிமையாகப் பார்ப்போம்.

தோட்டத்துக் கடைகளில் முன்பிருந்த கடன் கொப்பி நம்மில் பலருக்கு நினைவிருக்கும். முதலாளியிடம் ஒரு கொப்பி, வாங்குபவரிடம் ஒரு கொப்பி. இரண்டிலும் ஒரே பற்றை எழுதுவார்கள். ஒருவர் தன் கொப்பியில் ஐந்தை ஐம்பதாக்கினால் மற்றக் கொப்பி காட்டிக் கொடுத்துவிடும். இந்தக் கொப்பி இரண்டு பேரிடம் அல்லாமல் ஆயிரம் பேரிடம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அத்தோடு ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் முந்திய பக்கத்தின் முழு எழுத்தையும் கணக்கிட்டுப் பெற்ற ஒரு குறியீட்டு எண் பதியப்படுவதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். பத்தாம் பக்கத்தில் ஓர் எழுத்தை மாற்றினால் பதினோராம் பக்கத்துக் குறியீடு பொருந்தாது. அதை மாற்றினால் பன்னிரண்டாம் பக்கம் பொருந்தாது. இப்படிப் பக்கங்கள் சங்கிலியாகக் கோக்கப்பட்ட ஏட்டின் பெயர்தான் பிளாக்செயின்.

1991ஆம் ஆண்டு ஹேபர், ஸ்டோர்னெட்டா என்ற இரு ஆய்வாளர்கள் ஆவணங்களுக்குக் காலமுத்திரை இடுவதற்காக இவ்வழியை முன்வைத்தனர். 1995ஆம் ஆண்டு முதல் அவர்களது நிறுவனம் அந்தக் குறியீட்டை வாரந்தோறும் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையின் விளம்பரப் பகுதியில் அச்சிட்டது. இலட்சக்கணக்கான வீடுகளுக்குப் போய்விட்ட பத்திரிகையைத் திரும்பப் பெற்றுத் திருத்த எவராலும் முடியாது என்பதே அதன் பலம். 2008 ஒக்டோபர் 31ஆந் திகதி சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் வெளியான கட்டுரை இந்த ஏட்டைப் பிட்கொயின் என்ற நாணயத்துக்கு அடித்தளமாக்கியது. 2009 ஜனவரி 3ஆந் திகதி அதன் முதற் பக்கம் எழுதப்பட்டது.

இங்கே ஒரு வேறுபாட்டை மனதிற் கொள்ளவேண்டும். நாணயம் வேறு, ஏடு வேறு. பிட்கொயின் போன்ற நாணயங்கள் பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எகிப்தின் அன்றைய முப்தி ஷவ்கி அல்லாம் 2018 ஜனவரியில் அது கூடாதென்றார். அதே ஆண்டு ரமழானில் இலண்டன் ஷக்கிள்வெல் ஒழுங்கைப் பள்ளிவாசல் அந்நாணயத்தில் ஸகாத்தைப் பெற்றுக்கொண்டது. இலங்கை மத்திய வங்கியும் இந்நாணயங்களின் ஆபத்துக் குறித்துப் பொதுமக்களைப் பலமுறை எச்சரித்திருக்கிறது. அந்த விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். நாம் கேட்பது ஏட்டைப் பற்றி.

*

பதுளை நகரில், பொது நூலகத்தின் அருகே நான்கு புறமும் எழுத்து நிறைந்த ஒரு கற்றூண் நிற்கிறது. பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது, உதயன் என்ற அரசனின் காலத்தது. அது ஆதியில் நின்ற இடம் மஹியங்கனைக்கு அருகிலுள்ள சொரபொர. அங்கே ஹோபிட்டிகம என்றொரு சந்தை ஊர் இருந்தது. 1857ஆம் ஆண்டளவில் பிரித்தானிய அதிகாரி ஒருவர் தூணைப் பதுளைக்குக் கொண்டுவந்தார். பின்னர் பேராசிரியர் பரணவிதான அதைப் படித்துப் பதிப்பித்தார்.

அது சொல்லும் செய்தி இன்றைய பத்திரிகைச் செய்தி போலவே இருக்கிறது. அரசன் மஹியங்கனை விகாரைக்கு வந்தபோது சந்தையின் வணிகர்களும் குடிமக்களும் அவனிடம் முறையிட்டார்கள். முன்னைய அரசன் விதித்த விதிகளை மீறி அதிகாரிகள் எங்களிடம் அதிகமாக அறவிடுகிறார்கள் என்பது அவர்களது குறை. அரசன் விதிகளை மீண்டும் உறுதிப்படுத்திக் கல்லில் வெட்டுவித்தான். அதிகாரிகள் முறையற்று எதையும் பெறலாகாது. சரியற்ற எடையைக் கொண்டு நிறுக்கலாகாது. போயா நாளில் கடை விரித்தால் மஹியங்கனையின் விளக்குக்கு எண்ணெய் தண்டமாகச் செலுத்தவேண்டும். இப்படிப் போகிறது அந்தப் பட்டியல். வாங்குபவன், விற்பவன், வரி வாங்குபவன் ஆகிய மூவரும் பார்க்கும்படி சந்தை நடுவில் ஒரு ஏடு. எவரும் கிழிக்க முடியாதது.

ஆனால் இதில் நாம் கவனிக்கத் தவறும் ஒரு சங்கதி உண்டு. முன்னைய அரசனின் விதிகளும் இருக்கத்தான் செய்தன. அவற்றை அதிகாரிகள் மீறினார்கள். அந்த விதிகளுக்கு மீண்டும் உயிர் வந்தது, சந்தை மக்கள் ஒன்றாகத் திரண்டு அரசனின் முன் வாய் திறந்தபோதுதான். அந்த முறைப்பாட்டைக் கேட்டபிறகுதான் கல் வந்தது. பிற்காலத்தில் சந்தை அழிந்தது. தூண் மட்டும் நின்றது. முறையிட ஆளில்லாத இடத்தில் நின்ற தூண் யாருக்கும் நீதி வழங்கவில்லை.

இன்னொரு கல்லும் நமக்குப் பாடம் சொல்கிறது. 1409ஆம் ஆண்டுத் திகதியிட்ட காலி மும்மொழிக் கல்வெட்டு அது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே, பிறப்பால் முஸ்லிம். அவரது கப்பற்றொகுதி கொண்டுவந்த அக்கல்லில் சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தென்னாவர நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வின் பெயராலும் காணிக்கைகள் பதியப்பட்டுள்ளன. பொன் 1,000, வெள்ளி 5,000, பட்டு, வாசனை எண்ணெய் என்று பட்டியல் மூன்று மொழிகளிலும் ஏறக்குறைய ஒன்றே. பாரசீகப் பகுதி பெரிதும் தேய்ந்துபோனது. ஆயினும் மற்ற இரண்டும் நிற்பதால் கொடை என்னவென்று நாம் அறிகிறோம். ஒரே கணக்கைப் பல பிரதிகளில் வைத்தால் ஒன்று அழிந்தாலும் மற்றது காக்கும் என்ற தத்துவம் ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்தத் தீவின் தென்கரையில் நின்றது.

1911ஆம் ஆண்டு காலியில் அதைக் கண்டெடுத்தபோது அந்தக் கல் ஒரு மதகுக்கு மூடியாகக் கிடந்தது. கொடுத்தவரின் பெயரையும் கொடையின் அளவையும் அது பிழையில்லாமல் வைத்திருந்தது. அந்த எண்ணெய் எந்த விளக்கில் எரிந்தது, அந்தப் பொன்னால் எவர் வயிறு நிறைந்தது என்று அது சொல்லாது. கொடுத்த அதே கப்பற்படை 1411இல் இந்நாட்டு ஆட்சியாளர் ஒருவரைச் சிறைபிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனதையும் அது சொல்லாது. கொடையின் ஏடுகள் பெரும்பாலும் கொடுப்பவன் எழுதிய ஏடுகள். பெறுபவனின் கை அவற்றில் படுவதில்லை.

*

ஊவாவின் மலைகளில் தேயிலை வந்தபிறகு எழுதப்பட்ட ஏடுகளோ இன்னும் கடுமையானவை.

தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளியின் பெயரில் கங்காணியிடம் ஒரு கடன் எழுதப்பட்டது. வழிச்செலவு, அரிசி, கம்பளி, முற்பணம் எல்லாம் அதில் ஏறின. தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போகவேண்டுமானால் அந்தக் கடனைத் தீர்ப்பவர் இவர்களை அழைத்துக்கொள்ளலாம் என்று எழுதிய ஒரு சீட்டு வேண்டும். அதன் பெயர் துண்டு. ஆள் தோட்டம் மாறினால் கடனும் கூடவே மாறும். கணக்கு ஒரு துளியும் வழியில் சிந்தாது. கைக்குக் கை தொடர்ந்து செல்லும் அழியாப் பதிவு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. அந்த ஏடு மனிதனைக் கட்டிப்போட்டது. 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தபோது தொழிலாளிக்குக் கிடைத்த விடுதலை, ஒரு பதிவு அழிக்கப்பட்டதால் கிடைத்த விடுதலை. அழிக்க முடியாமை எப்போதும் நற்குணம் என்று எண்ணுவோர் இதைச் சற்று யோசிக்கவேண்டும்.

தோட்டத்து மொழியில் ஒரு நாள் வேலைக்குப் பெயர் 'பேர்'. செக்ரோலில் முழு நாளுக்கான சம்பளம் பதிந்தால் பேர் விழுந்தது என்பார்கள். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். உழைத்த ஒரு நாளையே பேர் என்று அழைக்கும் சமூகத்துக்கு ஏட்டில் பேர் இருப்பதன் அர்த்தத்தை நாம் கற்பிக்கவேண்டியதில்லை. அந்தச் செக்ரோலில் கூட்டலும் கழித்தலும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். தொழிலாளர்களின் முறைப்பாடு தராசைப் பற்றியது. சாக்குக்கென்றும் ஈரத்துக்கென்றும் கழிக்கப்பட்ட கிலோக்கள் ஏட்டுக்கு வருமுன்னரே போய்விடுகின்றன. வந்த எண்ணை ஏடு நேர்மையாக எழுதிவைக்கிறது. பத்தாம் நூற்றாண்டின் பதுளைத் தூண் ஏட்டோடு நில்லாமல் எடையையும் குறிப்பிட்டது ஏனென்று இப்போது விளங்குகிறது.

பிளாக்செயினின் பலவீனமும் இதே இடத்தில்தான் இருக்கிறது. எழுதிய பின் மாற்ற முடியாது என்ற உத்தரவாதத்தை அது தருகிறது. எழுதும்போது உண்மை எழுதப்பட்டதா என்று அதற்குத் தெரியாது. நூறு மூட்டை அரிசி முகாமுக்குப் போனது என்று ஓர் அலுவலர் பதிந்தால், எண்பது போயிருந்தாலும், நூறு என்பது காலமெல்லாம் அழியாமல் நிற்கும். பொய்க்கும் அது நிரந்தரம் கொடுக்கும்.

ஏட்டில் இல்லாதவனின் கதியையும் மலையகம் அறியும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், தந்தை இந்நாட்டில் பிறந்ததற்கு, அல்லது பாட்டனும் முப்பாட்டனும் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. லயனில் பிறந்தவனிடம் ஏது அத்தாட்சி? அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்த எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோரில் சுமார் 1,34,000 பேருக்கே பிரசாவுரிமை கிடைத்தது. கொழும்பிலும் மலைநாட்டு நகரங்களிலும் கடை வைத்திருந்த இந்திய முஸ்லிம்களும் இந்த வலையில் அகப்பட்டார்கள் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். 1964இன் ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தமும், பின்வந்த சட்டங்களும், 2003ஆம் ஆண்டுச் சட்டமும் சேர்ந்துதான் அந்தப் பழைய ஏட்டைத் திருத்தின. திருத்த அரை நூற்றாண்டுக்கும் மேல் சென்றது.

*

நமது மார்க்கம் எழுதுவதை வலியுறுத்திய மார்க்கம். புனித குர்ஆனின் மிக நீண்ட வசனம் கொடுக்கல் வாங்கலைச் சாட்சிகளோடு எழுதிவைப்பது பற்றியது என்பதை நாம் அறிவோம். கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை உமர் (ரலி) அவர்கள் வக்பு செய்தபோது அதை விற்கலாகாது, வாரிசுச் சொத்தாக்கலாகாது, கொடையாக வழங்கலாகாது என்று நிபந்தனை எழுதினார்கள். நிர்வகிப்பவர் நியாயமான அளவில் அதிலிருந்து உண்ணலாம் என்றும் எழுதினார்கள். பொறுப்பைத் தமது மகள் ஹப்ஸா (ரலி) அவர்களிடம் ஒப்படைத்தார்கள். மாற்ற முடியாத நிபந்தனையோடு கூடிய ஒரு தருமப் பத்திரம் அது. இன்று கணினியில் தானாக நிறைவேறும் ஒப்பந்தம் என்று வியந்து பேசுகிறார்களே, அதன் கருத்து வடிவம் இதில் உண்டு. ஒரு வித்தியாசம், இங்கே நிபந்தனையோடு ஒரு மனிதரின் பொறுப்பும் எழுதப்பட்டது. பத்திரம் தன்னைத் தானே நிறைவேற்றும் என்று உமர் (ரலி) அவர்கள் விட்டுவிடவில்லை.

ஸகாத் வசூலிக்கப் போய்வந்த ஒருவர், இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று பிரித்துக் காட்டியபோது, நபி (ஸல்) அவர்கள் மின்பரில் ஏறி, அவர் தம் பெற்றோர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்று கேட்ட சம்பவமும் நாம் அறிந்ததே. அந்த மனிதர் எதையும் மறைக்கவில்லை. அவரது கணக்கு முழு வெளிப்படையானது. அது நியாயமானதா என்ற கேள்வியைக் கேட்க ஒரு மனிதர் எழுந்து நிற்கவேண்டியிருந்தது.

அதேவேளை தருமத்தை வெளிப்படையாகச் செய்வது நன்று, ஏழைகளுக்கு மறைவாகக் கொடுப்பது அதனிலும் சிறந்தது என்றும் குர்ஆன் கூறுகிறது. சொல்லிக்காட்டியும் நோவினை செய்தும் தருமத்தைப் பாழாக்க வேண்டாம் என்றும் எச்சரிக்கிறது. இதில் முரண்பாடு ஏதுமில்லை. பணத்தைக் கையாளுபவரின் கணக்கு வெளிச்சத்தில் இருக்கவேண்டும்; பெறுபவரின் முகம் மறைவில் இருக்கவேண்டும். நம்முடைய நடைமுறையோ பல வேளைகளில் இதைத் தலைகீழாக்குகிறது. நிவாரணப் பொதியை வாங்கும் தாயின் படம் பத்திரிகையில் வரும். பொதிக்குச் சேர்த்த பணத்தின் கணக்கு எங்கும் வராது.

இந்நாட்டில் இதற்குச் சட்டம் இல்லாமலில்லை. 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் உரிமை வழி, வக்பு கட்டளைச் சட்டத்துக்குப் பின்னர் வந்த 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டம் பள்ளிவாசல்களையும் தரும நம்பிக்கைச் சொத்துக்களையும் பதியச் சொல்கிறது. நம்பிக்கையாளர்கள் கணக்கு வைத்துச் சமர்ப்பிக்கவேண்டும் என்கிறது. அதற்காக வக்பு சபையும் இருக்கிறது. ஆயினும் ஒரு ஜமாஅத்தின் சாதாரண உறுப்பினர் தன் மஹல்லாவின் கணக்கைப் புரட்டிப் பார்த்த நாள் எது? ஏடு இருக்கிறது. ஒரே பிரதிதான் இருக்கிறது. அது ஒரே அலுமாரியில் இருக்கிறது.

*

பிளாக்செயின் தருமத்துக்கு உண்மையிலேயே பயன்பட்டதா என்று கேட்டால், பயன்பட்ட இடம் உண்டு. உலக உணவுத் திட்டம் 2017ஆம் ஆண்டு ஜனவரியில் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் சிறியதொரு பரீட்சார்த்தம் செய்தது. அதே ஆண்டு மே மாதம் ஜோர்தானின் அஸ்ரக் முகாமில் சுமார் 10,000 சிரிய அகதிகளுக்கு அந்த முறையை விரித்தது. முகாமிலுள்ள கடையில் அகதிப் பெண் சாமான் வாங்குகிறாள். கருவிழியைப் படம் பிடிக்கும் கருவி அவளை அடையாளம் காண்கிறது. அவளது கணக்கிலிருந்து தொகை கழிகிறது. ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் வங்கிக்குச் செலுத்திய கட்டணம் பெரும்பகுதி மிச்சமானது. அந்தப் பணம் உணவுக்கே போகலாம் என்பது சிறிய நன்மையல்ல. அடுத்தடுத்த ஆண்டுகளில் ஸஃதரி முகாமுக்கும், பங்களாதேஷின் கொக்ஸ் பஸார் முகாம்களுக்கும் அது சென்றது.

ஆனால் அஸ்ரக்கில் அந்த ஏட்டின் பிரதிகளை ஆரம்பத்தில் வைத்திருந்தது உலக உணவுத் திட்டம் ஒன்றே. பல கைகளில் பிரதி இருப்பதே இம்முறையின் உயிர் என்று பார்த்தோம். ஒரே கையில் இருக்குமானால் அது நல்ல கணக்கு இயந்திரம். அதற்கு மேல் புதுமை அதிகமில்லை. தன் கண்ணைக் காட்டி அரிசி வாங்கும் பெண்ணிடம் பிரதி எதுவும் இல்லை. தோட்டத்துக் கடன் கொப்பியில் வாங்குபவரிடமும் ஒன்று இருந்ததை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அடுத்த அனுபவம் இந்தியாவினுடையது. 2021ஆம் ஆண்டு கொவிட் இரண்டாம் அலையில் மூச்சுக்காற்றின்றி மக்கள் மடிந்தபோது, சந்தீப் நைல்வால் என்பவர் கணினி நாணயத்தில் உதவி திரட்ட ஒரு நிதியம் தொடங்கினார். மே மாதம் எதீரியம் என்ற பிளாக்செயினைத் தோற்றுவித்த விட்டலிக் புட்டரின், ஷிபா இனு என்ற நாணயத்தை அதற்கு அள்ளிக் கொடுத்தார். அன்றைய விலையில் சுமார் நூறு கோடி டொலர். உலகம் முழுவதும் அந்தக் கொடையை ஏட்டில் கண்ணால் கண்டது. கொடுத்த செய்தி பரவியதுமே நாணயத்தின் விலை சரிந்தது. அதைப் பணமாக்குவதற்கும், வெளிநாட்டு நன்கொடைச் சட்டங்களுக்கு அமையச் செலவிடுவதற்கும் காலம் சென்றது. கிடைத்தது அறிவிக்கப்பட்ட மதிப்பில் ஒரு பகுதியே. 2022இல் அதில் பத்துக் கோடி டொலர் ஆராய்ச்சிக்கென்று கொடுத்தவரிடமே திரும்பிச் சென்றது. இதில் களவு எதுவுமில்லை. நல்ல காரியங்களும் நடந்தன. ஆனால் மே மாதம் வைத்தியசாலை வாசலில் நின்றவனுக்கு ஏட்டின் வெளிப்படைத்தன்மை ஒட்சிசன் ஆகவில்லை.

மூன்றாவது அனுபவம் நம்மை அச்சுறுத்துவது. பங்களாதேஷ் முகாம்களில் ரோஹிங்கிய அகதிகளிடமிருந்து உதவி அட்டைக்காகப் பெறப்பட்ட கைரேகை முதலிய விபரங்கள், பங்களாதேஷ் அரசின் வழியாக, அவர்களைத் துரத்தியடித்த மியன்மார் அரசின் கைக்கே போய்ச் சேர்ந்ததென்று 2021 ஜூனில் மனித உரிமைகள் கண்காணிப்பகம் வெளிப்படுத்தியது. அது பிளாக்செயினின் குற்றமல்ல. பட்டியல் என்பதன் இயல்பு. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடிப்போனவர்களின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்ததாகப் பதிவுகள் கூறுகின்றன. வாக்களிக்க எழுதிய ஏடு வீடெரிக்க உதவியது. உதவி பெறுவோரின் பட்டியலை அழியாத ஏட்டில் எழுதுமுன் நாளை அதை யார் படிப்பார் என்று இந்நாட்டுச் சிறுபான்மையினர் கேட்காமல் இருக்க முடியாது. 2019 ஏப்ரலுக்குப் பின் முஸ்லிம் தரும அமைப்புக்களின் கணக்குகள் மீது விழுந்த சந்தேகப் பார்வையை அனுபவித்தவர்கள் நாம். நேர்மையான அமைப்புக்குத் திறந்த கணக்கு ஒரு கேடயம் என்பதையும் அந்த அனுபவமே கற்பித்தது. கேடயமாவது நிர்வாகத்தின் கணக்கு. ஏழையின் பெயர் அதில் இருக்கவேண்டிய அவசியமில்லை.

*

மீண்டும் பூனாகலைக்கு வருவோம்.

மீரியபெத்த சரிவு ஆபத்தானது, மக்களை அகற்றவேண்டும் என்று 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் எச்சரிக்கப்பட்டதாக அதிகாரிகளே பின்னர் கூறினர். அதாவது எச்சரிக்கை ஏட்டில் இருந்தது. அழியவுமில்லை. அதை எடுத்து வாசித்து, எங்களுக்கு வேறு நிலம் தா என்று கேட்கும் பலம் லயனில் இருந்தவனுக்கு இருக்கவில்லை. அவன் குடியிருந்த நிலம் அவன் பெயரில் இல்லை. போவென்றால் போவதற்கு வேறு நிலமும் இல்லை. அனர்த்தத்துக்குப் பின் தப்பியவர்கள் மாகல்தெனியவின் பழைய தேயிலைத் தொழிற்சாலையில் தங்கவைக்கப்பட்டனர். 75 வீடுகள் கட்டிக் கையளிக்கப்பட்டது 2016 ஒக்டோபரில். நாடு முழுவதும் அள்ளிக் கொடுத்தும் இரண்டு ஆண்டுகள். அரிசிக்கும் போர்வைக்கும் அங்கே பஞ்சம் இருக்கவில்லை. பற்றாக்குறை நிலத்துக்கும் முடிவெடுப்போருக்குமே இருந்தது. அதைக் கணினி ஏடு நிரப்பியிராது.

2023 மார்ச் 19ஆந் திகதி பூனாகலையின் கபரகலையில் மீண்டும் மண் சரிந்தது. மீண்டும் பாடசாலை முகாமானது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையில் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனபோது மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று. மீண்டும் லொறிகள், மீண்டும் நிதியங்கள். மீண்டும் அதே கேள்வி.

தருமத்துக்கு மூன்று நோய்கள் உண்டு. வழியில் குறைவது ஒன்று. தகுதியானவரை அடையாமல் தகுதியற்றவரை அடைவது இரண்டு. காலந்தாழ்த்தி அடைவது மூன்று. பிளாக்செயின் முதலாவது நோய்க்கு மருந்தாகலாம், அதுவும் பணம் கணினிக்குள் ஓடும் தூரம் வரைதான். கடைசி மைலில், கொஸ்லந்தைச் சந்தியிலிருந்து லயன் வாசல் வரை, அது அரிசி மூட்டையாகி மனிதனின் தோளில் ஏறுகிறது. இரண்டாவது நோய்க்கு மருந்து, அந்த லயனை அறிந்த மனிதர்கள். மூன்றாவது நோய்க்கு மருந்து, அனர்த்தம் வருமுன்னர் நிலமும் வீடும் கேட்கும் குரல்.

ஆகவே இத்தொழில்நுட்பத்தை ஒதுக்கவேண்டுமென்பதல்ல நமது முடிவு. பல நாடுகளிலிருந்து பல கைகள் வழியாக வரும் பெருந்தொகைகளுக்கு, ஒருவரையொருவர் நம்பாத நிறுவனங்கள் பல சேர்ந்து வேலை செய்யும் இடத்துக்கு, அது பொருந்தும். ஒரு மஹல்லாவின் ஸகாத் நிதிக்கோ, ஒரு தோட்டத்தின் நிவாரணக் குழுவுக்கோ அதன் இயந்திரம் தேவையில்லை. அதன் கருத்துப் போதும். கணக்கை மூன்று பிரதி எழுதுங்கள். ஒன்று நிர்வாகத்திடம், ஒன்று கொடுத்தவர்கள் பார்க்கும் பள்ளிவாசல் பலகையில், ஒன்று பெற்ற ஊரின் பிரதிநிதியிடம். வந்ததும் சென்றதும் எல்லாப் பிரதியிலும் இருக்கட்டும். பெற்றவரின் பெயர் இலக்கமாக மட்டும் இருக்கட்டும். பெற்ற ஊரார் தம் பிரதியைக் கொண்டுவந்து, இங்கே நூறு என்றிருக்கிறது, எங்களுக்கு எண்பதே வந்தது என்று கேட்கும்போது, அதைக் கேட்க ஒரு சபை கூடட்டும்.

இந்த மூன்றாவது பிரதிதான் நமது தரும வரலாற்றில் இதுவரை எழுதப்படாதது. காலிக் கல்லில் அது இல்லை, துண்டில் இல்லை, அஸ்ரக் முகாமின் கணினியிலும் இல்லை. ஹோபிட்டிகமச் சந்தை மக்கள் அரசன் முன் நின்று வாய் திறந்த ஒரு நாள் மட்டும் அதற்கு அருகில் வருகிறது.

மீரியபெத்தவில் மண்ணுக்குள் போன பதிவேட்டைப் பற்றி நாம் வருந்துகிறோம். அந்தப் பதிவேட்டில் யார் யார் இருந்தார்கள் என்பதை அன்று காலை சரியாகச் சொல்லக்கூடியவர்கள் இருந்தார்கள். பாடசாலையிலிருந்து ஓடிவந்த பிள்ளைகளும், மலையிலிருந்து இறங்கிவந்த தாய்மாரும் பேர் பேராகச் சொல்லியிருப்பார்கள். நாடு எண்ணிக்கை கேட்டுக்கொண்டிருந்தது. அவர்களிடம் பேர் இருந்தது. அடுத்த ஏட்டை எழுதுபவர்கள், எந்தக் கருவியால் எழுதினாலும், முதலில் அவர்களிடம் போய் உட்காரட்டும்.